1000 லூமென், 100 மணி நேரம்: இரண்டும் சேர்ந்து கிடைக்காது

பெட்டியில் '1000 லூமென், 100 மணி நேரம்' என்றிருந்தால் அந்த ஹெட்லேம்ப் (தலையில் மாட்டும் விளக்கு) முழு வெளிச்சத்தோடு 100 மணி நேரம் எரியும் என்று ஒரு கருத்து உண்டு. அப்படியில்லை. லூமென், அதாவது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு, உச்ச வெளிச்ச நிலைக்கு உரியது. மணிக்கணக்கு பெரும்பாலும் ஆகக் குறைந்த நிலைக்கு உரியது.

ஒரே நிலைக்கான எண்களிலும் கவனம் வேண்டும். கைவிளக்கு, ஹெட்லேம்ப் போன்றவற்றை அளப்பதற்கான எஃப்எல்1 தரத்தின்படி, வெளிச்சத்தை விளக்கைப் போட்ட 30 முதல் 120 நொடிக்குள் அளக்கிறார்கள். எரியும் நேரமோ, அந்த வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரை. அதாவது 1000 லூமென் 100 லூமெனாகச் சுருங்கும் வரை நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டே சரிபார்க்கலாம். 3000 எம்ஏஹெச், 3.6 வோல்ட் பேட்டரியில் இருக்கும் ஆற்றல் 10.8 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 120 லூமென் என்று தாராளமாகவே வைத்தாலும், 1000 லூமெனுக்கு 8 வாட்டுக்கு மேல் வேண்டும். ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது.

வீட்டிலும் சோதிக்கலாம். முழுதாகச் சார்ஜ் செய்து, இருட்டறையில் விளக்கை வெள்ளைக் கூரையை நோக்கி வையுங்கள். பக்கத்தில் ஒளியளவிச் செயலியோடு போன். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறியுங்கள். போனை இடம் மாற்றக் கூடாது. மாற்றினால் ஒப்பீடே கெட்டுவிடும். சூடேறினால் பல விளக்குகள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் சின்ன விசிறி ஒன்று ஓடட்டும். வெளிச்சம் மெல்லக் குறைவது கண்ணுக்குத் தெரியாது, எண்ணில் தெரிந்துவிடும்.

வாங்கும்போது, நீங்கள் நடக்கப் பயன்படுத்தும் நிலைக்கு நேரே உள்ள மணிக்கணக்கைப் பாருங்கள்.