கள்ளக்கடல் நாட்களில் நம் கரைக்கு வருகிறவர்களிடம் யார் சொல்வது?

சித்திரை பிறந்ததும் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருக்கிற நம் எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கள்ளக்கடல் எச்சரிக்கை, இன்ன தேதி இன்ன மணி வரை, அலை இத்தனை மீட்டர். ஐதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையம், இன்காய்ஸ், கொடுக்கிற எச்சரிக்கை அது. கள்ளக்கடல் என்றால் இங்கே புயலோ மழையோ இல்லாத நாளில் சொல்லாமல் கரையேறும் பெரிய அலை. பார்க்கிறோம், அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம், அதோடு சரி. ஊரில் இருக்கிறவனுக்கு அது வந்துவிடுகிறது. வெளியூரிலிருந்து வந்து கரையில் நிற்கிறவனுக்கு வருவதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து இளம்பிள்ளைகள் அலையில் போனார்கள். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை நடைமுறையில் இருந்த நேரம் அது. கடற்கரை மூடப்பட்டிருந்தது, தென்னந்தோப்பு வழியாக இறங்கிவிட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. உடனே முகநூலில் எத்தனை பேர் எழுதினார்கள், "படித்தவர்களுக்கு இது தெரியாதா?" என்று! எனக்கு அந்தப் பேச்சு இன்றும் பொறுக்கவில்லை. தெரியாதுதான். திருச்சியிலோ கோவையிலோ வளர்ந்த பிள்ளைக்குக் கள்ளக்கடல் எப்படித் தெரியும்? வானத்தில் மேகம் இல்லை, காற்று இல்லை, மழை இல்லை. மோசமான கடல் என்றால் புயல் வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நம் கரையில் ஒரு வாசலை மூடினால் பக்கத்தில் பத்துப் பாதை இருக்கிறது. அந்தப் பத்துப் பாதையும் நமக்குத் தெரியும், வருகிறவர்களுக்கும் யாராவது காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த அலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயம் தானாக வரும். தெற்கே, அண்டார்டிகாவுக்கு அருகே இருக்கும் பெருங்கடலில் பெரிய புயல் சுழலும்போது அங்கே எழும்புகிற அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி நம் கரைக்கு வருகின்றன. உள்ளூர்க் காற்றில் எழும் அலை ஆறேழு நொடிக்கு ஒன்று அடித்தால், இது 16, 18 நொடிக்கு ஒன்று வரும். நடுக்கடலில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே நானூறு மீட்டருக்கு மேல் இருக்கும். அதனால் வள்ளத்தில் இருக்கிறவனுக்கு அது வந்தது பெரிதாகத் தெரியாது. கரைக்கு வந்து தரை தட்டும்போதுதான் எழும்பி, சாதாரண அலை தொடாத இடம் வரைக்கும் ஏறும். எச்சரிக்கையில் "1 மீட்டர்" என்று போட்டிருந்தால் இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். உயரத்தைவிட அந்த நொடிக்கணக்கைப் பாருங்கள். 15-க்கு மேல் இருந்தால் அன்றைக்குக் கடலில் கால் நனைக்கப் போகாதீர்கள்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. இவ்வளவு தூரம் ஓடி வர நாள் கணக்கில் ஆவதால் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த நம் ஆட்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை. கள்ளக்கடல் அப்படி இல்லை. சேதி நம் கைக்கு வந்து கிடக்கிறது. கைக்கு வந்த சேதியைக் கரையில் நிற்கிறவன் காதில் போடாமல் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கடலில் இறங்கியே தீருவேன் என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, கரையில் இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள் என்றுதான். இந்த அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலை அடித்துவிட்டுச் சில நிமிடம் கடல் குளம்போல் கிடக்கும். அந்தச் சில நிமிடத்தில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த கூட்டம் வரும். முதல் அலை தள்ளி விழ வைக்கும், அது திரும்பும்போது காலுக்கடியில் மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகும், எழுந்து நிற்பதற்குள் அடுத்தது தலைக்கு மேல் இருக்கும். நீச்சல் தெரிந்தவனும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. பாறை மேல் நிற்பதும் இதே கதைதான். முட்டம் பாறைகளில் ஈரமாகவோ பாசியாகவோ இருக்கும் இடம் வரைக்கும் சாதாரண அலையே ஏறும் என்று அர்த்தம், கள்ளக்கடல் அதற்கும் மேலே ஏறும், அதன் பக்கத்திலேயே போகாதீர்கள்.

அப்புறம் தூண்டில் வளைவுகள். கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட கல் வளைவுகள் நம் ஊர்கள் நெடுக இருக்கின்றன. அவை வேண்டும் என்று நாமே போராடி வாங்கியவை. ஆனால் அந்தக் கல் ஓரமாகத் தண்ணீர் கடலுக்குள் இழுக்கும். மற்ற இடமெல்லாம் நுரைத்து உடையும்போது ஒரு பட்டை மட்டும் கருத்து அமைதியாக இருக்கிறது, மணலும் நுரையும் அதில் கடலை நோக்கிப் போகிறது என்றால் அதுதான் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம், நாம் நீவாடு என்கிறோமே அது. வெளியூர்க்காரர்கள் அலை இல்லாத நல்ல இடம் என்று நேராக அதில்தான் குழந்தையோடு இறங்குவார்கள். பார்த்தால் தயவுசெய்து கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்து அதோடு கரையேற வேண்டும். கல் இருக்கும் பக்கம் போகக்கூடாது.

கரையில் நிற்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதுதான் ஒரு சாவை மூன்றாக்குகிறது. மூடி போட்ட காலி கேன், வலையின் மிதவை, டியூப், கயிறு, எது கிடைத்தாலும் எறியுங்கள். மீன்பிடிக் கரையில் இவை எல்லாம் பத்தடியில் கிடக்கும். வள்ளக்காரர்களைக் கூப்பிடுங்கள். 108-க்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கும் ஒருவர் போன் போடட்டும். தூக்கி வந்தவரைத் தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அமுக்க வேண்டும். எழுந்து பேசிவிட்டார் என்றாலும் இருமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

கரையை ஒட்டி வீடு இருக்கிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. எச்சரிக்கை இருக்கும் இரவில் வயதானவர்களையும் குழந்தைகளையும் உள்ளே தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் படுக்க வையுங்கள். தண்ணீர் ஏறினால் முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். கிணற்றில் உப்புத் தண்ணீர் கலந்திருந்தால் இறைத்துத் தெளியும்வரை குடிக்க வேண்டாம். வள்ளங்களை மேலே ஏற்ற முடியாவிட்டால் ஒன்றோடொன்று மோதாத இடைவெளியில் கட்டுங்கள். அதைப் பார்க்க நடு இரவில் தனியாக இறங்காதீர்கள்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். எச்சரிக்கை நாளில் சொத்தவிளை, சங்குத்துறை, லெமூர், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று மக்கள் கூடும் ஒவ்வொரு கரையிலும் ஒரு சிவப்புக் கொடி ஏற வேண்டும். முன்வாசலில் மட்டும் போதாது, தோப்புப் பாதையிலும் ஏற வேண்டும். இதற்குக் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை. நம் ஊர்களில் கோவில் ஒலிபெருக்கி இருக்கிறது, சர்ச்சின் பங்குப்பேரவை இருக்கிறது, கரையில் உட்கார்ந்து வலை பின்னும் ஆட்கள் இருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்காக அறிவிக்கிற அதே ஒலிபெருக்கியில், சாயங்காலம் கரைக்கு வருகிறவர்களுக்காகவும் இரண்டு முறை சொல்லலாம். லாட்ஜ் வரவேற்பறையிலும் கல்யாண மண்டபத்திலும் அன்றைய எச்சரிக்கையை எழுதி ஒட்ட வேண்டும். உங்கள் வீட்டில் கல்யாணம் என்றால், வெளியூரிலிருந்து வரும் மாப்பிள்ளைத் தோழர்களிடமும் பெண்ணின் தோழிகளிடமும் நீங்களே சொல்லுங்கள். பந்தி முடிந்ததும் அவர்கள் வண்டி எடுத்துக்கொண்டு கடலுக்குத்தான் போவார்கள்.

கொடி, அறிவிப்பு, எச்சரிக்கை நாளுக்கு மட்டுமாவது இரண்டு உயிர்காப்பாளர்கள், இந்த மூன்றையும் தீர்மானமாகவே கேட்கலாம். ஊராட்சிகளில் மார்ச் 22-ஆம் தேதி கிராம சபை கூடும். மே 1-க்கும் கூடும், ஆனால் அதற்குள் கள்ளக்கடல் வந்துவிடும், மார்ச்சிலேயே எழுப்புங்கள். பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் கமென்டில் ஊர்ப் பெயரைப் போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.