வாலி கேட்டான், பதில் சொன்னது யார்?

போன வாரம் ரங்கூனில் எங்கள் தெரு டீக்கடையில் தங்கை மகனோடு ஒரு வாக்குவாதம். அவன் பார்க்கும் தொடரில், முதல் பாகத்தில் ஊரையே கொளுத்தியவன், அவனைவிடப் பெரிய அரக்கன் வந்ததும் நாயகனோடு சேர்ந்துகொள்கிறான். கடைசியில் உயிரைக் கொடுத்துவிட்டால் பழைய கணக்கெல்லாம் தீர்ந்தது. "அவன் திருந்திட்டான் மாமா" என்கிறான் பையன். எனக்கு இது ஏய்ப்பாகத்தான் படுகிறது. பெரிய கெட்டவனை வீழ்த்தச் சின்னக் கெட்டவனோடு சேரலாம், சரி. அதற்குக் கொடுத்த விலையைக் கதை சொல்கிறவன் மறைக்கக் கூடாது.

கம்பர் மறைக்கவில்லை. ராவணனை வெல்லப் படை வேண்டும். படைக்குச் சுக்ரீவன் வேண்டும். சுக்ரீவன் கேட்ட விலை அண்ணன் உயிர். மறைந்து நின்று அம்பு விடுகிறான் ராமன். விழுந்து கிடக்கும் வாலி கேட்கிறான்: அரக்கன் செய்த தப்புக்குக் குரங்குகளின் அரசனைக் கொல்லச் சொல்லி மனுநெறியில் இருக்கிறதா? தம்பி மனைவியைக் கவர்ந்தாயே என்றெல்லாம் ராமன் வாதாடுகிறான்தான். ஆனால் 'ஏன் மறைந்து நின்று?' என்ற இடத்தில் வாய் திறப்பவன் லட்சுமணன். உன் தம்பி முதலில் சரணடைந்துவிட்டான், நீயும் வந்து அடைக்கலம் கேட்டுவிட்டால்? அதனால்தான் மறைந்து நின்றார் என்கிறான். சுத்த வக்கீல் பேச்சு! அதை ராமன் வாயில் வைக்காமல் விட்டாரே, அங்கேதான் கம்பர் நிற்கிறார். அப்புறம் முடி கிடைத்த சுக்ரீவன் கள் மயக்கத்தில் வாக்கை மறக்கிறான். லட்சுமணன் கோபத்தோடு கிஷ்கிந்தைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்த ஊர்க்காரனுக்கு இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லை. வெள்ளைக்காரனை விரட்ட ஜப்பான்காரனோடு வந்தவர் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான். 1945 மார்ச் 27 அன்று அதே ஜப்பான்காரன்மேல் துப்பாக்கியைத் திருப்பி, வெள்ளைக்காரன் பக்கம் சேர்ந்தார். அன்றைக்கும் நேதாஜியின் படை ஜப்பான் பக்கம்தான். என் தாத்தா அந்தப் படையில் இருந்தவர். அதே ஜப்பான்காரன்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துவந்து சாகடித்தான். பாதையின் பர்மா முனை தன்பியூசயாத். தாத்தா அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கரண்ட் போன இரவுகளில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கம்பராமாயணம் வாசிப்பார். வாலியின் கேள்விகளை நிறுத்தி, நிதானமாக. லட்சுமணன் பேசும் இடம் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவார். "பதில் எங்கே தாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மெழுகு சொட்டுது பாரு, தட்டை நகர்த்து" என்றார்.