பெரிய நாயின் தட்டில் குட்டிக்கு என்ன வேலை?

ஒரே கிண்ணத்தில் பெரிய நாயும் புதுக்குட்டியும் தலையை விட்டுச் சாப்பிடும் படத்தை யாராவது ஒருவர் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கீழே இதயக்குறிகள் கொட்டும், "என்ன பாசம் பாருங்க" என்று வரிசையாக எழுதுவார்கள். நான் அந்தப் படங்களில் குட்டியைப் பார்ப்பதில்லை, பெரியதின் கண்ணைத்தான் பார்ப்பேன். வாய் கிண்ணத்தில் இருக்கும், கண் ஓரத்துக்குத் திரும்பி விழியின் வெள்ளை தெரியும், கழுத்திலிருந்து வால்வரை விறைத்துப்போய் நிற்கும். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகிறது. பிறகொரு நாள் அதே வீட்டிலிருந்து "இத்தனை வருஷமா ஒண்ணுமே செய்யாதது, திடீர்னு குட்டியைக் கடிச்சிருச்சு" என்று புலம்பல் வரும். திடீரென்று எங்கே வந்தது, படத்திலேயே இருந்ததே.

நேராகவே சொல்லிவிடுகிறேன். குட்டி வந்த அன்று முதல் வேளையிலிருந்தே இரண்டுக்கும் தனித்தனி இடத்தில் சாப்பாடு, நடுவில் ஒரு கதவு, அந்தக் கதவு சாத்தியிருக்க வேண்டும். சேர்ந்து விளையாடட்டும், ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தூங்கட்டும், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இந்த ஒட்டுறவு வேண்டாம். குட்டிக்கு அடிபடக்கூடாதே என்றுதான் இதைச் சொல்கிறேன் என எல்லாரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டுதான், ஆனால் என் கவலை பெரியதைப் பற்றி. புதுக்குட்டி வந்த வீட்டில் அதற்கு எத்தனை வேளை, எத்தனை கிராம், எந்தக் கம்பெனித் தீவனம் என்று வீடே மாநாடு நடத்தும். பெரியதைப் பற்றிக் கேட்டால் "அது பாட்டுக்குச் சாப்பிடும்" என்பதோடு சரி.

அது பாட்டுக்குச் சாப்பிடாது. எங்கள் பெரியவள் ரொம்ப நிதானம். ஒரு வாய் எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப்போய் மிதியடிமேல் துப்பி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடித்துத் தின்பாள், முடிந்ததும் மறுபடி கிண்ணத்துக்கு வருவாள். குட்டி வந்த புதிதில் அவன் அதே அறையில் எதிர்மூலையில்தான் சாப்பிட்டான், அவள் கிட்டேகூட வரவில்லை, ஆனாலும் அந்த மிதியடிப் பழக்கம் நின்றுபோனது. கிண்ணத்தின்மேல் தோளைக் கவிழ்த்துக்கொண்டு கடிக்காமல் அப்படியே விழுங்க ஆரம்பித்தாள், குட்டியின் கிண்ணம் தரையில் உரசும் சத்தம் கேட்டால் வேகம் இன்னும் கூடும், சில நாள் சாப்பிட்ட கையோடு முழுசு முழுசாக வாந்தி. உறுமல் கிடையாது, சண்டை கிடையாது, பார்க்கிறவர்களுக்கு "நல்லா சாப்பிடறாளே" என்றுதான் தோன்றும். கிண்ணத்தை உள்ளறைக்கு மாற்றிக் கதவைச் சாத்திய கொஞ்ச நாளில் மிதியடி வேலை பழையபடி தொடங்கியது.

சரி, இடம்தான் தனி, சாப்பாடாவது ஒன்றாக இருக்கலாமா என்றால், அதுவும் சரிப்படாது. பால் மறந்த குட்டிக்கு, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், வளர்ந்த நாய்க்குத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். வளர்ந்தபின் வரப்போகும் எடையில் பாதியைத் தொடும்போது இது 1.6 மடங்காகவும், 80 சதவீதத்தைத் தொடும்போது 1.2 மடங்காகவும் இறங்கும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ வகுத்த அளவுகளின்படி, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், வளரும் குட்டிக்கான தீவனத்தில் புரதம் குறைந்தது 22.5 சதவீதம், வளர்ந்த நாய்க்கு 18 போதும்; கொழுப்பு குட்டிக்கு 8.5, பெரியதுக்கு 5.5, கால்சியம் குட்டிக்கு 1.2, பெரியதுக்கு 0.5. கால்சியத்தில் மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். பெரியதின் கிண்ணத்தில் மேய்ந்தே வயிற்றை நிரப்பிக்கொள்ளும் குட்டி தன் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், எலும்பு வளர வேண்டிய மாதங்களில்.

இதைப் படித்துவிட்டு யாரும் கால்சியம் டானிக் வாங்க ஓடவேண்டாம், தயவுசெய்து. பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு முதல் ஆறு மாதம்வரை வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும் சாமர்த்தியம் சரியாக வந்திருக்காது, ஊற்றியதில் பெரும்பங்கு உள்ளே போய் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். அதனால்தான் வளர்ந்தால் 32 கிலோ அளவுக்கோ அதற்கு மேலோ வரும் இனங்களின் குட்டித் தீவனத்துக்கு 1.8 சதவீதம் என்று கால்சியத்துக்கு மேல்வரம்பே வைத்திருக்கிறார்கள். நல்ல குட்டித் தீவனத்தில் எல்லாம் கணக்காகத்தான் இருக்கிறது, நம் கைவரிசை தேவையில்லை.

இப்போது மறுபக்கம். குட்டியின் கிண்ணம்தான் பெரியதுக்கு விருந்து. கொழுப்பு கூடுதல், வாசனை கூடுதல், அதற்கு மேல் குட்டிகள் பாதியில் விட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சி பிடிக்கப் போய்விடும். "மிச்சம்தானே, நக்கிட்டுப் போகட்டும்" என்று விடுகிற அந்த மிச்சம் ஒரு வேளைக்கு ஒரு பிடி என்றால்கூட, ஓட்டம் குறைந்த வயசில் அது நேராக இடுப்பில்தான் போய் உட்காரும். லாப்ரடார்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2002-இல் வெளியானது: 48 குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகக் கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள், அதாவது சரிபாதி நாய்கள் தாண்டிய வயசு, 13 வருஷம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவலிக்கு மருந்து தொடங்கவேண்டிய வயசும் அவற்றுக்குத் தள்ளிப்போனது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் என்பது ஒரு நாயின் வாழ்க்கையில் சின்ன விஷயமா?

எடை சரியா என்று பார்க்கத் தராசுகூட வேண்டாம். புறங்கையை விரித்து வைத்துத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்படுமே, நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரி. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கிண்ணம் பெரிதாகிவிட்டது. சாப்பாட்டை அளக்க மட்டும் சமையலறைத் தராசு வைத்துக்கொள்ளுங்கள், கப் கணக்கு வேண்டாம், ஒரே கப்பில் ஆளுக்கு ஒரு அளவு வரும்.

சிறுநீரகக் கோளாறு இருக்கிற பெரிய நாய் என்றால் பேச்சே வேறு, அதற்கு பாஸ்பரஸ் குறைத்த சாப்பாடு. குட்டிக்கு வைத்தது அதன் வாயில் போகவே கூடாது. கணையம் ஒருமுறை வீங்கிய நாய்க்குக் கொழுப்பு ஆகாது. ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன், வயசாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஆரோக்கியமான கிழட்டு நாயின் புரதத்தை வெட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தேவையில்லாத வேலை, சதை கரைந்துபோகும்.

யாரும் பேசாத ஆபத்து மருந்து. வயசான நாய்க்கு மூட்டுவலி மாத்திரை கொடுக்கும் வீடுகள் நிறைய. இந்த மாத்திரைகள் பல இறைச்சி வாசனையோடுதான் வருகின்றன, நாய் விரும்பித் தின்னவேண்டும் என்பதற்காக. நாம் அதைச் சாப்பாட்டில் புதைத்து வைக்கிறோம், பெரியது சாப்பாட்டை மட்டும் வழித்துவிட்டு மாத்திரையைச் சாமர்த்தியமாக ஒதுக்கிவிடுகிறது, பின்னாலேயே வரும் குட்டி லபக். முப்பது கிலோ உடம்புக்கு எழுதிய மாத்திரை மூன்று கிலோ உடம்பில் போனால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். மாத்திரையைக் கையால் வாயில் வைத்து விழுங்கியதைப் பார்த்துவிட்டு அப்புறம் சாப்பாடு வையுங்கள், டப்பாவைக் குட்டிக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே டாக்டருக்குப் போன் போடுங்கள், "பார்ப்போம்" என்று உட்காராதீர்கள்.

அடுத்து, "யாருக்கு முதலில் வைப்பது" என்ற பெரும் விவாதம். பெரியதுக்கு முதலில் வைத்தால்தான் அது தலைவன் என்று குட்டிக்குப் புரியும் என்பார்கள். இந்தத் தலைவன் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர், அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து. இந்தக் கருத்தை ஊரெல்லாம் பரவச் செய்தவர்களில் ஒருவரான டேவிட் மெக், பின்னர் காட்டு ஓநாய்களை நேரில் பல வருஷம் பார்த்துவிட்டு, 1999-இல் தாமே திருத்தி எழுதினார்: காட்டில் இருக்கும் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு ஓநாய்க்கும் வாயைச் சுற்றி ஒரு எல்லை உண்டு, அந்த எல்லைக்குள் வந்த தீனி அதனுடையது, எந்த நிலையில் இருக்கும் ஓநாயானாலும் அதை விட்டுக்கொடுக்காது, மேலே இருப்பதாக நாம் நினைக்கும் ஓநாயிடம்கூட. வாயருகே இருப்பது எனக்கு என்று நாய் நினைப்பது திமிர் கிடையாது, பிறவிக் குணம். நாம் யாருக்கு முதலில் வைத்தாலும் மாறாது. எங்கள் வீட்டில் யார் கிண்ணம் முதலில் கைக்கு வருகிறதோ அவருக்கு முதலில்.

அதனால்தான் உறுமலுக்கு அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உறுமல் என்பது நாய் நாகரிகமாகச் சொல்லும் "தள்ளிப் போ". அதை அடித்து அடக்கினால் உறுமல்தான் போகும், கோபம் அப்படியே இருக்கும், அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். சாப்பிடும்போது கிண்ணத்தில் கையை விட்டு, எடுத்து எடுத்துக் காட்டி "பழக்குகிறேன்" என்பதும் இதே ரகம்தான். உங்கள் தட்டில் ஒருவர் தினமும் கையை விட்டால் நீங்கள் பழகுவீர்களா, இல்லை தட்டை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பீர்களா? கிட்டே போகவேண்டும் என்றால் கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள், நீங்கள் வருவது லாபம் என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

குட்டி ஏன் பெரியதின் வாயிலேயே போய் மூக்கை நுழைக்கிறது என்று கேட்கிறார்கள். ஓநாய்க்குட்டிகள், வேட்டையிலிருந்து வரும் பெரியவற்றின் வாயை நக்கினால், அவை வயிற்றிலிருந்து கக்கிக் கொடுக்கும். அந்தப் பழைய வழக்கம்தான். குட்டி மரியாதை தெரியாமல் செய்யவில்லை, பெரியதும் அதைத் தாங்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நடுவில் புகுந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போவது நம் வேலை.

வேளைக் கணக்கு எளிது. மூன்று மாதம்வரை நாளைக்கு நான்கு, ஆறு மாதம்வரை மூன்று, அப்புறம் இரண்டு. சிக்கல் என்னவென்றால் பெரியதுக்கு இரண்டே வேளைதான், குட்டிக்கு மதியம் கிண்ணம் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது கதவுக்கு வெளியே உட்கார்ந்து நம்மை ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்கு மசிந்து கூடுதலாகப் போடாதீர்கள். காலையிலேயே பெரியதின் அன்றைய முழு அளவையும் தராசில் வைத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள், மதியம் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து வேறு அறையில் கொடுங்கள், இரவுக்கு அவ்வளவு குறையும். பெரியதுக்கும் பங்கு கிடைத்தது, எடையும் ஏறவில்லை. நாள் முழுக்கக் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிடும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள், இரண்டு நாய் இருக்கும் வீட்டில் யார் எவ்வளவு தின்றார் என்று கடவுளுக்கே தெரியாது. கால்மணி நேரம், இருபது நிமிஷம், கிண்ணம் மேலே போய்விடவேண்டும், காலியாக இருந்தாலும்.

தண்ணீருக்கும் இரண்டு கிண்ணம், தூரத்தூர. கடித்து விளையாடத் தரும் எலும்பு மாதிரி எதுவும் சாப்பாட்டு விதிப்படியேதான், கதவு சாத்தி.

"எங்கள் வீட்டில் அறையே ஒன்றுதான்" என்பவர்களுக்குக் கழிவறை இருக்கிறது, கட்டிப்போட மேசைக்கால் இருக்கிறது, குட்டிக்குக் கூண்டும் அதன்மேல் ஒரு துணியும் போதும். "தெருநாய்கள் கூட்டமாகத்தானே சாப்பிடுகின்றன" என்பவர்கள் ஒருநாள் நின்று பார்க்கட்டும். ஒன்று தின்னும், மற்றவை தள்ளி நிற்கும், நொண்டியும் கிழடும் கடைசியில் வந்து காகிதத்தை நக்கும்.

குட்டி வந்த பிறகு பெரியது சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் "கோவிச்சுக்கிட்டா" என்று சிரித்துவிட்டு விடாதீர்கள். முதல் ஒன்றிரண்டு வேளை குழப்பத்தில் தள்ளிப்போகலாம். அதற்கு மேல் போனால் வாயைத் திறந்து பாருங்கள், பல் வலியாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், ஏற்கெனவே இருந்த நோவு இந்த அமளியில் கண்ணுக்குத் தெரிந்திருக்கலாம். பொறாமை என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை, அதுதான் அந்தப் பெயரில் உள்ள கெடுதல்.

எப்போது ஒரே அறையில் வைக்கலாம் என்று கேட்பீர்கள். சின்ன இனங்கள் ஒரு வயசுக்குள், பெரிய இனங்கள் ஒன்றரை வயசுக்குள் வளர்ந்துவிடும், மிகப் பெரிய இனங்கள் இரண்டு வயசுவரை இழுக்கும். அப்போது தீவனமும் ஒன்றாகலாம், பெரியதுக்கு டாக்டர் தனியாக எதுவும் சொல்லாதவரை. பழைய தீவனத்தில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரம், பத்து நாளில் மாற்றுங்கள். ஆனால் இடத்தை ஒன்றாக்கியே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் குட்டி இப்போது பெரியவளைவிட உயரம், இருவருக்கும் நல்ல சிநேகம், இன்னும் கதவைச் சாத்தித்தான் வைக்கிறோம். கதவைச் சாத்த எனக்கு இரண்டு வினாடிதான் ஆகிறது.