கடிபட்ட கோழியை உடனே அறுத்துவிடாதீர்கள்

நாயோ கீரியோ கவ்விப் போட்ட கோழியைப் பார்த்ததும் பலர் வாயிலிருந்து முதலில் வருவது, "இனி தேறாது, அறுத்துவிடு" என்பதுதான். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. முதுகுத் தோல் கிழிந்து சதை தெரிகிற கோழிகள்கூடப் பிழைத்து மறுபடி முட்டைக்கு வருகின்றன.

காயம் சிறிதாக இருந்தும் முதல் இரவிலேயே செத்துப்போகிற கோழிகள் உண்டு. அதிர்ச்சி தாங்காமல் போவதுதான். அதனால் ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டியில் துணி விரித்து, கதகதப்பான, இருட்டான இடத்தில் விட்டுவிடுங்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும் ஆளாளுக்குத் தூக்கிப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அலகு நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்தால் போதும், தானாகக் குடிக்கும்.

கோழி சற்று நிதானத்துக்கு வந்த பிறகு நல்ல வெளிச்சத்தில் இறகுகளை விலக்கிப் பாருங்கள். முதுகு, இறக்கைக்கு அடியில், தொடை இடுக்கு, வால் அடி, ஓர் இடம் விடக்கூடாது. கிழிந்த காயத்தைவிட எனக்குப் பயம் பல் இறங்கிய துளைதான். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, உள்ளே ஆழமாகக் கிருமி. பூனை கடித்திருந்தால் இன்னும் மோசம். அதன் வாயிலுள்ள பாஸ்சுரெல்லா கிருமி பறவையை வேகமாகச் சாய்த்துவிடும். துளை ஒன்று தென்பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் போவதே சரி. ஆன்டிபயாடிக்கை நாமாக ஊகித்துக் கொடுக்கக் கூடாது. கொடுக்கும் நாட்களிலும், அதன் பிறகு மருத்துவர் சொல்லும் வரையிலும் முட்டையைச் சாப்பிடக் கூடாது.

காயத்தைக் கழுவ, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு போதும். பொவிடோன் அயோடின் என்ற பழுப்பு நிறக் கிருமிநாசினியை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர்த்துப் பயன்படுத்தலாம். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தினமும் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நுரைப்பதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நினைக்கிறார்கள், புதிதாக வளரும் சதையும் அதில் கருகுகிறது. நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போடுவதும் ஆபத்து. கோழிக்கு நம்மைப்போல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்க உதவும் தசையான உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு.

ஈ விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நாற்றம் வந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாக் கோழியையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. குடல் வெளியே வந்திருந்தால், இரண்டு கால்களும் உணர்வற்றுக் கிடந்தால், அதை இழுத்தடிப்பது கொடுமை. மருத்துவரைக் கொண்டு வலியில்லாமல் முடித்துவைப்பதும் பராமரிப்புதான்.

தேறிய கோழியை அவசரப்பட்டுக் கூட்டத்தில் விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். தோல் மூடும்வரை வலைக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் மற்றவை என்று ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால் பழக்கம் விட்டுப்போகாது. அதற்குள் கூண்டின் ஓட்டையை அடைத்துவிடுங்கள். ஒருமுறை ருசி கண்ட விலங்கு அதே வழியில் திரும்ப வரும்.