லூயி ஜோர்டன் வாரிசாகப் பெற்ற இசைக்குழு எதுவும் இல்லை

அமெரிக்க ஜாஸ் டிரம்மர் சிக் வெப் 1939-இல் மறைந்ததும் அவருடைய இசைக்குழு சாக்ஸபோன் கலைஞர் லூயி ஜோர்டனின் கைக்கு வந்தது என்றும், அதுவே பின்னாளில் 'டிம்பனி ஃபைவ்' எனப் பெயர் மாறியது என்றும் ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு.

ஆர்கன்சா மாநிலத்தின் பிரிங்க்லியில் 1908-இல் பிறந்த ஜோர்டன், 1936 முதல் வெப்பின் குழுவில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்துப் பாடியும் வந்தார் என்பது உண்மைதான். ஆனால் வெப் உயிரோடிருந்த 1938-லேயே அவர் வெளியேறி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த எல்க்ஸ் ராந்தேவூ இரவு விடுதியில் தனக்கென ஒரு சிறு குழுவை அமைத்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவான முதல் இசைத்தட்டுகளின் லேபிளில் அந்த விடுதியின் பெயரே குழுவின் பெயராக அச்சாகியிருக்கிறது. டிம்பனி ஃபைவ் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. (பெயரில் ஐந்து இருந்தாலும், மேடையில் பலமுறை ஐவருக்கு மேல் இருந்தார்கள்.)

வெப்பின் குழுவை ஏற்று நடத்தியவர் அதன் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு. 1942 வரை அது அவர் பெயரிலேயே இயங்கியது. சிறு குழுவை வைத்துக்கொண்டே 1946-இல் ஒரே பாடலால் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கறுப்பின இசைப் பட்டியலில் 18 வாரம் முதலிடம் பிடித்த ஜோர்டனுக்கு, இரவல் வாரிசுரிமை தேவையே இல்லை.

ஐயமுள்ளவர்கள் இரு குழுக்களின் டெக்கா பதிவுத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜோர்டனை 1987-இல் சேர்த்துக்கொண்ட ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமின் இணையதளத்திலும் அவரைப் பற்றிய குறிப்பு உள்ளது. அந்த வாட்ஸ்அப் தகவலை மேலும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.