பிஎச்.டி. நெறியாளரின் ஓய்வுத் தேதியையும் பாருங்கள்
‘ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பிஎச்.டி. முடிக்கக் காலம் போதாது’ என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கு 10 வரைகூடப் போகலாம். நான் 2021-ல், 51 வயதில், வங்கி வேலையோடு பகுதிநேரமாகச் சேர்ந்தவள். கோர்ஸ் ஒர்க் (ஆய்வு மாணவர்கள் தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) தேர்வில் மூன்று மணி நேரம் எழுதிக் கட்டைவிரல் மரத்துப்போனது. பக்கத்து பெஞ்சில் என் மகள் வயதுப் பெண் கூடுதல் தாள் வாங்கிக்கொண்டே இருந்தாள். அதெல்லாம் பழகிவிடும். என்னைப் படுத்தியது வேறு: நாலாவது வருஷம், ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான என் நெறியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். அதன்பின் அவர் இணை நெறியாளராகத்தான் தொடரலாமாம். புதியவரைத் தேடி எட்டு மாதம் அலைந்தேன். கிடைத்தவர் தலைப்பையே மாற்றச் சொன்னார் (பாதி களப்பணி வீண்). மேலே கருத்து எழுதிய ஒருவர் ‘ரிட்டயர் ஆனபிறகு சேரலாமே’ என்கிறார். தாராளமாக, அலுவலகத்தில் தடையில்லாச் சான்றுக்குக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பம் வாங்குமுன், நெறியாளருக்கு எத்தனை வருஷ சர்வீஸ் பாக்கி என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள் சார்.