சோதனை ஊர்கிறதா? இணைப்பைக் குறை சொல்ல முன்னர் நேரத்தை அளவிடுங்கள்

அறிவியல் நகர் பொறியியற் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனங்களுக்கு மென்பொருள் சோதனை செய்யும் தம்பி, தங்கைமாரிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, தானியங்கிச் சோதனைகள் (உலாவியை நிரலே இயக்கி வலைத்தளத்தைச் சரிபார்ப்பவை) ஊர்கின்றன என்பதுதான். ஏன் என்று கேட்டால், "இங்கத்தைய லைன் அப்படித்தான் அண்ணை" என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. இணைப்பில் குறை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நான் பார்த்த பெரும்பாலான சோதனைத் தொகுதிகளில் நேரத்தைத் தின்றது, நிரலுக்குள் மனிதக் கையால் எழுதிவைக்கப்பட்ட காத்திருப்பே.

ஒரு பொத்தான் தோன்றத் தாமதமாகிச் சோதனை தோற்றவுடன், அதற்கு முன்னால் 5 செக்கன் ஸ்லீப் (நிரலை அவ்வளவு நேரம் நிறுத்திவைக்கும் கட்டளை) ஒன்றைச் சேர்த்துவிடுவது பழக்கமாகிவிட்டது. பொத்தான் அரைச் செக்கனில் வந்தாலும் அந்த 5 செக்கனும் கழிந்தே தீரும். 200 சோதனைகள் இருந்து, ஒவ்வொன்றிலும் இப்படி மூன்று ஸ்லீப் இருந்தால் 3000 செக்கன், அதாவது 50 நிமிடம், கணினி எதுவும் செய்யாமல் இருக்கிறது. எந்த வேகமான ஃபைபர் இணைப்பும் இந்த 50 நிமிடத்தைக் குறைக்காது. குறித்த உறுப்பு தோன்றும்வரை மட்டும் காத்திருக்கும் வெளிப்படையான காத்திருப்பை எழுதினால், பெரும்பகுதி அன்றே மீண்டுவிடும்.

மறைமுகக் காத்திருப்பு, அதாவது எந்த உறுப்பைத் தேடினாலும் அது கிடைக்கும்வரை பொறுக்கக்கூடிய உச்ச நேரத்தை ஒரே இடத்தில் வைத்துவிடுவது, இதைவிடத் தந்திரமானது. உலாவியை இயக்கப் பயன்படும் செலீனியம் என்ற கருவியில் அதன் இயல்பு அளவு பூச்சியம். யாரோ ஒருவர் தொடக்கத்தில் 10 செக்கன் என்று வைத்துவிட்டுப் போயிருப்பார். அதன் பின்னர், பிழைச் செய்தி தோன்றவில்லை என்பதைச் சரிபார்க்கும் ஒவ்வொரு இடத்திலும், இல்லாத ஒன்றைத் தேடி முழு 10 செக்கனும் போகும். இரண்டு வகைக் காத்திருப்புகளையும் கலக்க வேண்டாம் என்று செலீனியத்தின் ஆவணமே எச்சரிக்கிறது: மறைமுகமாக 10, வெளிப்படையாக 15 என்று வைத்தால் 20 செக்கனுக்குப் பின்னரே அது கைவிடக்கூடும் என்பது அங்குள்ள உதாரணம்.

இணைப்பு உண்மையிலேயே குற்றவாளியாகும் இடங்களும் உண்டு. நிரல் பரந்தனில் ஓட, உலாவி சிங்கப்பூர்ச் சேர்வரில் திறந்திருந்தால், ஓர் உறுப்பைத் தேடுவதும் அதைச் சொடுக்குவதும் தனித்தனி எச்.ரி.ரி.பி கோரிக்கைகளாகப் போய்த் திரும்புகின்றன. ஒரு பயணத்துக்கு 200 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொண்டால், 300 கட்டளைகளுக்கு ஒரு நிமிடம் வழியிலேயே போய்விடும். நிரலையும் அதே சேர்வரில் ஓடவிட்டு, அறிக்கையை மட்டும் இங்கே பெறுவதுதான் இதற்குத் தீர்வு. அதேபோல, 2022 இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து செலீனியம் உலாவிக்கு ஏற்ற ட்ரைவரை (நிரலின் கட்டளைகளை உலாவிக்குக் கடத்தும் இடைமென்பொருளை) தானே இணையத்தில் தேடிக்கொள்கிறது. வசதிதான்; ஆனால் லைன் தளரும் நேரத்தில் சோதனை தொடங்கவே தாமதமாகும். ட்ரைவரை முன்கூட்டியே இறக்கிவைத்து அதன் பாதையைக் குறிப்பிட்டால் அந்தத் தேடல் தேவைப்படாது.

ஆவணங்களில் தேடிக் கிடைக்காத காரணம் ஒன்றும் இங்கே உண்டு. கச்சான் வீசும் காலத்தில், தகரக் கூரையின் கீழ், மதியத்தில் மடிக்கணினியின் புரொசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்சாரம் நின்று பற்றரியில் ஓடும்போதும் பல கணினிகள் வேகத்தைக் குறைக்கின்றன. ஒரே தொகுதியை விடியற்காலையிலும் மதியத்திலும் ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். கூடவே டாஸ்க் மனேஜரையும் திறந்து பாருங்கள்: சோதனை முடிவில் உலாவியையும் ட்ரைவரையும் முழுதாக மூடும் குவிட் என்று எழுதாமல், சாளரத்தை மட்டும் மூடும் குளோஸ் என்று மட்டும் எழுதியதால், முந்திய ஓட்டங்களின் குரோம்ட்ரைவர்கள் வரிசையாக நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

செலீனியத்தை விட்டுப் பிளேரைட் என்ற கருவிக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்போரும் உண்டு. 2020 இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட அந்தக் கருவி, உறுப்பு ஆயத்தமாகும்வரை தானே காத்திருப்பதும், ஒருமுறை உள்நுழைந்த நிலையைச் சேமித்து மற்றச் சோதனைகளுக்குக் கொடுப்பதும் எனக்கும் பிடித்தவை. ஆயினும் பழைய ஸ்லீப்களை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோனால், புதிய கருவியும் அதே 50 நிமிடத்தைத்தான் எடுக்கும். மாறுவதற்கு முன்னர் ஒவ்வொரு படியின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் லொக்கில் (பதிவுக் கோப்பில்) எழுதவைத்து, மிக நீண்ட பத்துப் படிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். கருத்துப் பகுதியில் உதவி கேட்பவர்கள் "மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாமல் அந்தப் பத்து வரிகளையும் ஒட்டினால், எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுவேன்.